பெறுநர் கையில்: கைவினை அஞ்சலட்டையின் வரலாறு

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் விடுக்கிறாள். முதல் முடங்கலை அவள் ஆக்கும் முறையை இளங்கோவடிகள் வேனிற் காதையில் விரித்துக் காட்டுகிறார். சண்பகம், கருமுகை முதலிய மலர்களால் தொடுத்த மாலையின் இடையே தாழை மடலை வைத்து, பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு, அதனைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து அவள் எழுதுகிறாள். ஏடும் ஆணியும் மையும் அவளே தேர்ந்து அமைத்துக்கொண்டவை. வயந்தமாலை அதனை எடுத்துச் செல்கிறாள். கோவலனோ அதனை வாங்க மறுத்துவிடுகிறான்.

இரண்டாம் முடங்கல், மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் வழியாக அவனிடம் சேர்கிறது. அதன் மண்ணிலச்சினையில் மாதவி தன் கூந்தலால் ஒற்றிய பொறி இருந்தது. கூந்தலின் நெய்மணம் உடன் வாழ்ந்த நாள்களை நினைவூட்ட, கோவலன் அதனைக் கைவிடாமல் பிரித்துப் படிக்கிறான். படித்து முடித்ததும், அம்முடங்கல் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாக இருத்தலைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்து விடுகிறான்.

மாதவி தன் முடங்கலை எத்துணை நயத்தோடு ஆக்கினாலும், அது கடிதமாவது கோவலன் கைநீட்டிப் பெறும்போதுதான். பெறுவதற்குத் தூண்டுகோலாய் இருப்பது, எழுதியவரின் கைபட்ட அடையாளம். பெற்றபின் அதனைக் காப்பதோ, எறிவதோ, வேறொருவர்க்கு அனுப்புவதோ பெறுநர் உரிமை. இருபதாம் நூற்றாண்டில் ஓவியர்களும் கவிஞர்களும் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட கைவரை அட்டைகளுக்கும், அவற்றின் வழியே வளர்ந்து ‘அஞ்சல் கலை’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவிய இயக்கத்திற்கும் இவ்வுண்மை அப்படியே பொருந்துகிறது. அவ்வரலாறு பெரும்பாலும் அட்டைகளைச் செய்தவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அது பெற்றவர்களின் வரலாறும் ஆகும் என்பதைச் சில சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டை பிறந்த கதை

அரசு அஞ்சலட்டை வெளியிடுவதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்னரே கையால் வரைந்த அட்டை ஒன்று அஞ்சலில் சென்றிருக்கிறது. 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் ‘பென்னி பிளாக்’ எனப்படும் உலகின் முதல் அஞ்சல்தலை வெளிவந்தது. அதே ஆண்டில், இலண்டனின் ஃபுல்ஹம் பகுதியில் வாழ்ந்த தியோடர் ஹூக் என்னும் எழுத்தாளர்க்கு ஓர் அட்டை வந்து சேர்ந்தது. பெரியதொரு மைக்கூட்டைச் சுற்றி அஞ்சலக எழுத்தர்கள் அமர்ந்திருக்கும் கேலிச் சித்திரம் அதில் கையால் தீட்டப்பட்டிருந்தது. நகைச்சுவையில் பெயர்பெற்ற ஹூக்கே அதனை வரைந்து தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டார் என்பது ஆய்வாளர் கருத்து. இன்று அறியப்படும் பட அஞ்சலட்டைகளுள் இதுவே மிகப் பழையது. 2002ஆம் ஆண்டில் அது 31,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. விடுநரும் பெறுநரும் ஒருவரேயாக இருந்த இவ்விளையாட்டிலிருந்தே கைவினை அட்டையின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

உறையின்றித் திறந்த தாளில் செய்தி அனுப்பலாம் என்னும் கருத்தை 1865இல் ஜெர்மானிய அஞ்சல்துறை அலுவலர் ஹைன்ரிச் ஃபான் ஸ்டெஃபான் முன்வைத்தார். பிறர் படித்துவிடுவார்களே என்ற தயக்கத்தால் அது அப்போது ஏற்கப்படவில்லை. நான்காண்டுகள் கழித்து எமானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியற் பேராசிரியர் வியன்னா நாளிதழ் ஒன்றில் அதே கருத்தை வலியுறுத்தி எழுத, 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இங்கிலாந்து மறு ஆண்டே அதனைப் பின்பற்றியது. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் அட்டை விற்பனைக்கு வந்தது. ‘காலணாக் கார்டு’ என்று தமிழர் வாயில் நெடுங்காலம் வழங்கிய பெயர் அவ்விலையால் அமைந்ததே.

விலை மலிவும் திறந்த தன்மையும் அட்டையை எளியோர் உடைமையாக்கின. அச்சிட்ட அரசு அட்டையைத் தம் கையால் மாற்றிக்கொள்ளும் பழக்கமும் உடன் வளர்ந்தது. தமிழ்நாட்டில் நற்செய்தி தாங்கிய அட்டையின் மூலைகளில் மஞ்சள் தடவுவர். இறப்புச் செய்தி என்றால் கருமை தீற்றுவர். எழுத்தறியாதவரும் அஞ்சற்காரர் கையிலிருக்கும்போதே செய்தியின் தன்மையை அறிந்துகொள்வர். மஞ்சள் தடவிய அட்டை மாடத்தில் இடம்பெறும். இழவுச் செய்தி அட்டையைப் படித்தவுடன் கிழித்து எறிந்துவிடுவர். ஓர் அட்டையின் ஆயுள் பெறுநர் கையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நீலக் குதிரைகள்

அஞ்சலட்டை பிறந்த 1869ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டு நகரில் எல்சே லாஸ்கர்-ஷூலர் என்னும் பெண் கவிஞர் பிறந்தார். யூதக் குடும்பத்தவரான இவர் பெர்லினுக்கு வந்து, புதுக்கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் காப்பிக் கடைகளில் அறியப்பட்ட முகமானார். ‘தீப்ஸ் நகரத்து இளவரசர் யூசுப்’ என்று தமக்கொரு புனைபெயரை வைத்துக்கொண்டு, கடிதங்களில் அப்பெயராலேயே ஒப்பமிட்டார். பிறையும் விண்மீனும் அவருடைய இலச்சினைகள். 1912ஆம் ஆண்டில் கணவர் ஹெர்வார்த் வால்டனுடன் மணமுறிவு ஏற்பட்டது. மகனோடு வறுமையில் தனித்து நின்ற அக்காலத்தில், அவ்வாண்டு டிசம்பரில், ஃபிரான்ஸ் மார்க் என்னும் ஓவியரைப் பெர்லினில் சந்தித்தார்.

மார்க், காந்தின்ஸ்கியுடன் இணைந்து ‘நீலக் குதிரைவீரன்’ என்னும் கலைத்தொகுப்பை அதே ஆண்டில் வெளியிட்டவர். விலங்குகளை இயற்கை நிறத்தில் தீட்டாமல், அவற்றின் உள்ளத்துக்கு உரியவை என்று தாம் கருதிய நிறங்களில் தீட்டியவர். பவேரியாவில் சிண்டல்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர், நொந்திருந்த அக்கவிஞர்க்கு வண்ணம் தீட்டிய அஞ்சலட்டைகளை அனுப்பத் தொடங்கினார். 1912க்கும் 1914க்கும் இடையில் அவர் அனுப்பியவை 28. குதிரைகளும் மான்களும் பிற விலங்குகளும் யூசுப் இளவரசரின் கற்பனை நாட்டில் உலவுவனவாக அவற்றில் இடம்பெற்றன. கவிஞரும் வாளாவிருக்கவில்லை. மார்க்கை உடன்பிறந்தாராகப் பாவித்து, தம் கோட்டோவியங்கள் நிறைந்த மடல்களால் விடையிறுத்தார். அவ்விடைகள் இதழ்களில் வெளிவந்து, 1919ஆம் ஆண்டில் ‘மாலிக்’ என்னும் நாவலாக நிறைவுற்றன. ஆக, ஓவியரின் அட்டைகள் ஒரு கவிஞரின் நாவலுக்கு வித்திட்டன என்பதும், கவிஞரின் கற்பனை ஓவியர்க்குப் பொருளாயிற்று என்பதும் ஒருங்கே கருதத்தக்கன.

இவ்வட்டைகளுள் ஒன்று 1913ஆம் ஆண்டின் புத்தாண்டு வாழ்த்தாகச் சென்றது. ஏறத்தாழ 14 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும் உடைய அச்சிற்றட்டையில் நான்கு நீலக் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கோபுரம்போல் நிற்கின்றன. அவற்றோடு பிறைகளும் விண்மீன்களும் தீட்டப்பட்டுள்ளன. பெறுநரின் இலச்சினையையே ஓவியர் தம் குதிரைகளுக்கு அணிவித்தார் என்று இதனைக் கொள்வர். இதே கோலத்தை மார்க் அவ்வாண்டிலேயே 2 மீட்டர் உயரமுள்ள பெரும் ஓவியமாகத் தீட்டினார். ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ என்னும் அவ்வோவியம் ஜெர்மானியப் புதுக்கலையின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. மார்க் படையில் சேர்ந்தார். 1916 மார்ச் 4 அன்று வெர்டன் போர்முனைக்கருகே, 36ஆம் வயதில், குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். அவருடைய பெரும் ஓவியத்தை 1919இல் பெர்லின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 1937ஆம் ஆண்டில் நாஜிகள் அதனைக் கைப்பற்றி, ‘சீரழிந்த கலை’ என்று இகழ்ந்து மியூனிக்கில் நடத்திய கண்காட்சியில் வைத்தனர். நாட்டுக்காகப் போரில் உயிரிழந்தவரை இவ்வாறு இழிவுபடுத்தலாமா என்று முன்னாள் படை அலுவலர் சங்கம் எதிர்ப்புத் தெரிவிக்கவே, ஓவியம் அங்கிருந்து அகற்றப்பட்டது. பின்னர் அது கோரிங்கின் கைக்குப் போயிற்று. 1945க்குப் பின் அதனைக் காணவில்லை.

லாஸ்கர்-ஷூலர் 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பிச் சென்று, 1945 ஜனவரியில் ஜெருசலேமில் ஏழ்மையில் இறந்தார். ஓவியர், கவிஞர், பேரோவியம் ஆகிய மூன்றும் மறைந்தபின் எஞ்சியது அந்தப் புத்தாண்டு அட்டை. இன்று அது மியூனிக்கின் அரசு வரைகலைத் தொகுப்பில் உள்ளது. காணாமற்போன பேரோவியத்தின் வடிவையும் நிறத்தையும் ஓவியர் கைப்படவே காட்டி நிற்பது, அஞ்சற்காரர் கொண்டுவந்து கொடுத்து, ஒரு கவிஞர் எறிந்துவிடாமல் எடுத்துவைத்த அந்த அட்டையே.

சாந்திநிகேதனத்து அட்டைகள்

இந்தியாவில் அஞ்சலட்டையைத் தம் நாள்வழிக் கலைக்கு உரிய களமாகக் கொண்டவர் நந்தலால் போஸ் (1882–1966). அவனீந்திரநாத தாகூரின் மாணவரான இவர், சாந்திநிகேதனத்தின் கலாபவனத்துக்கு 1922இல் தலைமையேற்று, ஓய்வுபெறும்வரை அங்கேயே பணியாற்றினார். 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தீட்டிய சுவரோவியத் தட்டிகளையும், இந்திய அரசியலமைப்பின் மூலப்படியை மாணவர்களோடு இணைந்து அணிசெய்ததையும் நாடறியும். அவர் பயணங்களின்போது வெற்று அஞ்சலட்டைகளைக் கையில் வைத்திருந்து, கண்ட காட்சிகளை மையாலும் தூரிகையாலும் விரைந்து வரைந்து மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்பிய செய்தி அத்துணை பரவலாக அறியப்படவில்லை.

1924இல் இரவீந்திரநாதருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றுவந்த அவர், கீழைநாட்டுத் தூரிகை மரபை நன்கு உணர்ந்தவர். சில கோடுகளில் ஒரு பனைமரத்தையோ, சாந்தாலர் குடிசையையோ, மேயும் ஆட்டையோ நிறுத்திவிடும் அம்முறைக்கு அட்டையின் சிறிய பரப்பு பொருந்தி வந்தது. விடுதலைக்கு முன்னைய அட்டைகளின் ஒரு பக்கத்தில் ஆங்கிலப் பேரரசரின் தலை அச்சிடப்பட்டிருந்தது. மறுபக்கம் வங்காளத்துச் சிற்றூர் வாழ்க்கையைத் தாங்கிச் சென்றது. பேரரசின் அஞ்சற்கட்டமைப்பு, அப்பேரரசுக்கு மாற்றாக எழுந்துகொண்டிருந்த ஒரு கலையை ஊர் ஊராகச் சுமந்தது எனின் மிகையாகாது.

இவ்வட்டைகள் ஆசிரியர் மாணவர்க்கு நடத்திய பாடமும் ஆயின. வகுப்பறையில் சொல்லியது செய்முறையாக வீடு தேடி வந்தது. விற்பனைக்கோ கண்காட்சிக்கோ வரையப்படாதவை ஆதலின், அவை பெற்றவர்களின் பெட்டிகளில் தங்கிப் பின்னரே கலையுலகின் கவனத்துக்கு வந்தன.

கடிதம் நடனமான கதை

தனிப்பட்ட நட்பின் வெளிப்பாடாக இருந்த கைவரை அட்டை, ஒரு கலை இயக்கத்துக்கு வித்தாகியது 1950களில் அமெரிக்காவில். டெட்ராய்ட் நகரில் 1927இல் பிறந்த ரே ஜான்சன், பிளாக் மவுண்டன் கல்லூரியில் பயின்று நியூயார்க்குக்கு வந்தவர். இதழ்களிலிருந்து வெட்டிய படங்கள், கோட்டோவியங்கள், சொல்விளையாட்டுகள் ஆகியவற்றை ஒட்டிச் சிறு ஆக்கங்களாக்கி, அவற்றை ஓவியச்சாலைகளுக்குக் கொடாமல் நண்பர்க்கும் அறிமுகமற்றோர்க்கும் அஞ்சலில் அனுப்பினார். ‘இதனோடு சேர்த்து, இன்னாருக்கு அனுப்புக’ என்றோ ‘சேர்த்துத் திருப்பி அனுப்புக’ என்றோ குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். பெறுநர் அவ்வாறே ஒரு கோட்டைச் சேர்த்து அடுத்தவர்க்கு விடுப்பார். மாதவியின் முடங்கலைக் கோவலன் தன் பெற்றோர்க்கு விடுத்தபோது, ஒருவருக்கென்று எழுதிய சொற்கள் வேறொருவர்க்கு உரியனவாகிப் புதுப்பொருள் பெற்றன அன்றோ? ஜான்சன் அதனையே ஒரு கலைமுறையாக்கினார்.

1962ஆம் ஆண்டில் எட்வர்ட் பிளங்கெட் என்னும் கலைஞர் இக்கூட்டத்துக்கு ‘நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் பள்ளி’ என்று பெயரிட்டார். கடிதப் போக்குவரவைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லின் ஓரெழுத்தை மாற்றி, அதன் ஈற்றில் ‘நடனம்’ என்னும் பொருள்தரும் சொல் அமையுமாறு ஜான்சன் எழுதலானார். 1970இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடம் இப்பள்ளிக்கு ஒரு கண்காட்சி எடுத்தது. அதற்கு ஜான்சன் தம் ஆக்கம் எதனையும் நேரே தரவில்லை. தம் கடித நண்பர்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். வந்தவை அனைத்தும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓர் ஓவியரின் பெயரால் நடைபெற்ற கண்காட்சியைப் பெறுநர்களே நிரப்பினர் என்பது கலைவரலாற்றில் புதுமை. 1973இல் அப்பள்ளி இறந்துவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இரங்கற்பகுதிக்கு அவர் ஒரு மடல் விடுத்தார்; எனினும் அட்டைகள் நிற்கவில்லை. 1995 ஜனவரியில் சாக் ஹார்பர் என்னும் இடத்தில் பாலத்திலிருந்து நீரில் குதித்து ஜான்சன் இறந்தார்.

இக்காலத்திலேயே ஃபிரான்ஸ் நாட்டுக் கலைஞர் பென் வோத்தியே, ‘அஞ்சற்காரரின் தேர்வு’ என்னும் அட்டையை 1965இல் வெளியிட்டார். அதன் இரு பக்கங்களிலும் முகவரிக் கோடுகளும் அஞ்சல்தலைக்கான இடமும் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வெவ்வேறு முகவரி எழுதி, இரண்டிலும் தலை ஒட்டி அனுப்ப வேண்டும். யாரிடம் சேர்ப்பது என்பது அஞ்சற்காரர் முடிவு. பெறுநரே கலையின் பங்காளி என்ற கருத்து, இங்கே இடைநின்ற தூதரையும் உள்ளடக்கி விரிந்தது.

இயக்கம் பரவப் பரவ, அதற்கென எழுதாச் சட்டங்கள் சிலவும் தோன்றின. அஞ்சல் கலைக் கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தேர்வுக் குழு இல்லை. வந்த எல்லாம் வைக்கப்படும். எதுவும் திருப்பி அனுப்பப்படாது. பங்குபெற்றோர் பட்டியல் அனைவர்க்கும் அனுப்பப்படும். 1984இல் நியூயார்க்கின் ஃபிராங்க்ளின் ஃபர்னஸ் கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சியில் வந்தவற்றுள் சில மட்டுமே தேர்ந்து வைக்கப்பட்டபோது, அஞ்சல் கலைஞர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நன்று, தீது என்று பகுக்காமல் ஏற்றுக்கொள்ளுதலே பெறுநர் அறம் என்பது அவர்கள் துணிபு. இதனால் தரமற்றவையும் பெருகின என்னும் குறை உண்மையே. ஆயினும், இவ்வறம் எத்துணை விலையுயர்ந்தது என்பதைத் தென் அமெரிக்க வரலாறு காட்டுகிறது.

சிறை புகுந்த அட்டைகள்

1960களிலும் 1970களிலும் தென் அமெரிக்க நாடுகள் பல ராணுவ ஆட்சியின்கீழ் வீழ்ந்தன. அச்சகங்களும் அரங்குகளும் கண்காணிக்கப்பட்ட நாள்களில், கவிஞர்க்கும் ஓவியர்க்கும் எஞ்சிய சாளரமாக அஞ்சல் விளங்கிற்று. 1976இல் பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் பவுலோ புருஸ்கியும் டானியல் சந்தியாகோவும் பன்னாட்டு அஞ்சல் கலைக் கண்காட்சி ஒன்றை அந்நகரின் அஞ்சலகக் கட்டடத்திலேயே அமைத்தனர். திறந்த அன்றே காவல்துறை அதனை மூடியது. அமைப்பாளர் இருவரும் சிறைப்பட்டனர். அட்டைகள் கைப்பற்றப்பட்டன. கண்காட்சியைக் கண்டோர் மிகச் சிலரே. அவ்வகையில், பல நாடுகளிலிருந்து நண்பர்க்கு வந்த கலைப்பொருள்களின் பெறுநராகக் காவல்துறையே அமர்ந்துகொண்டது.

உருகுவேயில் கிளெமென்தே பாடின் என்னும் கவிஞர் காட்சிக்கவிதை அட்டைகளைத் தம் சிற்றிதழ் வழியே 1960களின் இறுதியிலிருந்து உலவவிட்டவர். 1974இல் தலைநகர் மொண்டேவிடேயோவில் படைப்பு அஞ்சலட்டை விழா ஒன்றை நடத்தினார். தென் அமெரிக்காவில் நடைபெற்ற முதல் அஞ்சல் கலைக் கண்காட்சி அதுவே என்பர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நாட்டில் ராணுவத் துணையோடு சர்வாதிகாரம் நிலைபெற்றிருந்தது. ஆட்சியின் கொடுமைகளைச் சுட்டும் அட்டைகளையும் போலி அஞ்சல்தலைகளையும் பாடினும் அவர் நண்பர் ஹோர்ஹே கரபாயோவும் வெளிநாடுகளுக்கு அனுப்பினர். 1977இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். ராணுவத்தின் மாண்பை இழித்தனர் என்பது குற்றச்சாட்டு. பாடின் விடுதலையானது 1979இல்.

அவர்களுடைய அட்டைகளைப் பெற்றிருந்தோர் இப்போது விடுநர் ஆயினர். பல நாட்டுக் கலைஞர்கள் உருகுவே அரசுக்கு மடல் எழுதினர். அவர்கள் விடுதலையைக் கோரும் அட்டைகளும் ரப்பர் முத்திரைகளும் நாடுதோறும் உலவின. இவர்களுள் பெரும்பாலோர் பாடினை ஒருமுறையேனும் நேரிற் கண்டவர் அல்லர். கையால் செய்த ஓர் அட்டையைப் பெற்றமையே அவர்களுக்கிருந்த உறவு.

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில் வாழ்ந்த எட்கார்தோ அந்தோனியோ விகோ (1928–1997) மரச்செதுக்குக் கலைஞர்; கவிதை இதழ்களைக் கையால் அச்சிட்டு வெளியிட்டவர். 1976 மார்ச்சில் அந்நாட்டு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூலையில் விகோவின் மகன் கடத்திச் செல்லப்பட்டுக் காணாமற்போனார். ‘பலோமோ’ என்பது மகனுக்கு வழங்கிய செல்லப் பெயர். ஆண்புறா என்பது அச்சொல்லின் பொருள். தூது இலக்கியம் பயின்ற தமிழர்க்கு, புறாவைத் தேடித் தந்தை தூது விட்ட இந்நிகழ்ச்சி நெஞ்சை உறுத்தாதிராது. பலோமோவை விடுவிக்கக் கோரும் சொற்களை முத்திரையாகவும் அஞ்சல்தலையாகவும் செதுக்கி, விகோ தம் அஞ்சல்களில் பதித்து அனுப்பினார். நாட்டுக்குள் உரக்கச் சொல்ல இயலாத செய்தி, கலை என்னும் பெயரில் எல்லை கடந்து சென்றது. மகன் திரும்பவில்லை. அச்செய்தியைத் தாங்கிய தாள்கள் மட்டும் உலகின் பல பெட்டிகளில் இருக்கின்றன.

காத்தவர்கள்

கிழக்கு ஐரோப்பாவிலும் இதே காலத்தில் இதே நெருக்கடி வேறு வடிவில் இருந்தது. கிழக்கு பெர்லினில் ராபர்ட் ரேஃபெல்ட் (1931–1993) தாம் அச்சிட்ட அட்டைகளால் எல்லைச் சுவருக்கு அப்பால் நட்பு வளர்த்தார். அவர் மனைவி ரூத் வோல்ஃப்-ரேஃபெல்ட் (1932–2024) அலுவலகப் பணியாளர். தட்டச்சுப் பொறியின் எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே கொண்டு அலைகளாகவும் கூண்டுகளாகவும் கட்டடங்களாகவும் உருவங்களை அமைத்தார். கரித்தாள் வைத்துப் படியெடுத்து அவற்றை அஞ்சலில் அனுப்பினார். எழுத்தே ஓவியமாகும் இக்கலை, தமிழ்ப் புலவர் பாடிய சித்திரகவியின் நாக பந்தம், தேர் பந்தம் முதலியவற்றை நினைவூட்டும். பெர்லின் சுவர் வீழ்ந்தபின் 1990இல் அவர் கலைப்பணியை நிறுத்திக்கொண்டார். ஆயினும் உலகெங்கிலுமிருந்து வந்த அட்டைகளைத் தம் இல்லத்திலேயே வரிசைப்படுத்திக் காத்தார். முதுமையில்தான் கலையுலகம் அவரைக் கண்டுகொண்டது. 2017இல் டாக்குமெண்டா பெருங்கண்காட்சியில் அவர் ஆக்கங்கள் இடம்பெற்றன.

புடாபெஸ்டில் கியோர்கி கலாந்தாய் என்னும் கலைஞர் 1970 முதல் 1973 வரை பலாட்டன்பொக்லார் ஊரில் பழைய சிற்றாலயம் ஒன்றில் கண்காட்சிகள் நடத்தியவர். அரசு அதனை மூடிற்று. இடமிழந்த கலைஞர்க்கு அஞ்சல்பெட்டியே அரங்காயிற்று. 1979இல் அவரும் யூலியா கிளனிசாயும் இணைந்து ‘ஆர்ட்பூல்’ என்னும் காப்பகத்தைத் தம் இல்லத்தில் தொடங்கினர். வந்த ஒவ்வோர் அட்டையும் பதியப்பெற்றுக் கோப்பில் வைக்கப்பட்டது. 1984இல் ‘ஹங்கேரி உங்களுடையதாகலாம்’ என்னும் தலைப்பில் அவர்கள் அமைத்த அஞ்சல் கலைக் கண்காட்சி தடைசெய்யப்பட்டது. கலாந்தாயைப் பற்றி ‘ஓவியன்’ என்னும் மறைபெயரில் உளவுத்துறை ஒரு கோப்பு வைத்திருந்தது ஆட்சி மாறியபின் வெளிப்பட்டது. தடைபட்ட கண்காட்சியைக் குறித்த உளவறிக்கைகளும் அதிலுண்டு.

ஒரே அட்டைகளை இருவகைப் பெறுநர் காத்தனர். ஒருவர் அன்பினால் காத்தனர். மற்றவர் ஐயத்தினால் காத்தனர். இன்று ஆய்வாளர்க்கு இரண்டும் சான்றுகள். ஆர்ட்பூல் 1992இல் முறையான ஆய்வு மையமாகத் திறக்கப்பட்டு, 2015இல் புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தின் பகுதியாயிற்று. வீட்டு அறையொன்றில் தொடங்கிய காப்பு வேலை நாட்டின் கலைச்செல்வமாக மதிக்கப்படும் நிலை அவ்விருவர் வாழ்நாளிலேயே வாய்த்தது.

நிறைவாக

அஞ்சலே அருகிவரும் காலம் இது. 1624இல் தொடங்கிய டென்மார்க்கின் அரசு அஞ்சல் மரபு, 2025ஆம் ஆண்டின் இறுதியோடு கடிதம் சேர்க்கும் பணியை நிறுத்திக்கொண்டது. நாடுதோறும் தெருமுனை அஞ்சல்பெட்டிகள் குறைந்துவருகின்றன. அனுப்புதல் எளிதாகிவிட்ட இந்நாளில் காத்தலே அரிதாகியிருக்கிறது. வரும் செய்திகள் எண்ணற்றவை. ஆயின், கூந்தலின் பொறி பதிந்த மண்ணிலச்சினைபோல், விடுத்தவரின் கையை உணர்த்திக் கைவிடாமல் தடுக்கும் அடையாளம் அவற்றில் இல்லை.

தமிழ்க் கவிஞர்க்கு இவ்வரலாறு அயலானது அன்று. புரவலர்க்கும் நண்பர்க்கும் சீட்டுக்கவி விடுத்த புலவர் மரபு இங்குண்டு. 1980களில் உள்நாட்டு அஞ்சல் தாளிலேயே கவிதைகளை அச்சிட்டு, மடித்து ஒட்டி, வீடுவீடாக அனுப்பிய சிற்றிதழ் முயற்சிகள் தமிழ்நாட்டில் பல எழுந்தன. அவற்றை நடத்தியோர் பெயரை இலக்கிய வரலாறு ஓரளவேனும் குறித்திருக்கிறது. அவ்விதழ்கள் இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன எனின், எங்கோ ஒரு வாசகர் மடிப்புக் கலையாமல் அவற்றைக் கட்டிவைத்ததே காரணம். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டைக் கடக்கும்போது, அதன் கூட்டங்களும் நூல்களும் எண்ணிக் காட்டப்படுகின்றன. உறுப்பினர் இல்லங்களில் பரணிலும் இழுப்பறையிலும் கிடக்கும் அட்டைகளும் மடல்களும் கையெழுத்து அழைப்பிதழ்களும் அவ்வெண்ணிக்கையில் சேர்வதில்லை. அவற்றை எடுத்துத் தூசு தட்டி, தேதி குறித்து, ஓரிடத்தில் தொகுத்து வைத்தல், விழா முடிந்ததும் தொடங்கவேண்டிய முதற்பணியாகும். எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது பெற்றவர்களின் பங்கு.